விமானிகள் அஞ்சும் மருத்துவர்

சளி பிடித்தால் நாம் மருந்துக் கடையில் ஒரு சிட்ரிசின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். அதே சளியோடு ஒரு விமானி தன் மருத்துவரிடம் போனால் கதை வேறு. காதையும் மூக்கையும் பார்த்துவிட்டு, "சரியாகும்வரை பறக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

காரணம் இரண்டு. முதலாவது, அந்த மாத்திரை. லேசான தூக்கக் கலக்கம்கூட காக்பிட்டில் ஆகாது. இரண்டாவது, காது. நடுக்காதையும் தொண்டையையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று விரிந்து எப்படியாவது வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வினை. வெளியே அழுத்தம் கூடக் கூட, செவிப்பறை உள்ளே இழுபடும். உயிர் போகிற வலி வரும், தலை சுற்றும், சில நேரம் செவிப்பறையே கிழியும். ஓடுபாதையைத் தவிர வேறு எதிலும் கவனம் போகக் கூடாத கடைசிச் சில நிமிடங்களில் இது நடக்கும்.

விமான மருத்துவம் என்ற துறையின் இயல்பை இந்த ஒரு சளியிலேயே பார்த்துவிடலாம். வழக்கமான மருத்துவர் நோயுற்ற உடலைப் பார்க்கிறார். அந்த உடல் இருக்கும் இடம் சாதாரணமானது. விமான மருத்துவர் பார்ப்பது பெரும்பாலும் நல்ல ஆரோக்கியமான உடலை. அது போய் உட்காரும் இடம்தான் மனித உடலுக்குப் பழக்கமில்லாதது. அதோடு, அவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான் என்றாலும், அவர் முதுகுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பயணிகள் இருக்கிறார்கள். அதனால் இந்த மருத்துவரின் கையில் ஒரு பெரிய அதிகாரம் இருக்கிறது: ஒரு கையெழுத்தில் விமானியின் பிழைப்பை நிறுத்திவிடலாம். அந்த அதிகாரமே அவருக்குப் பெரிய இடைஞ்சலும்கூட. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மேலே போனால் உடலுக்கு என்ன ஆகிறது?

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு தரையிலும் மேலேயும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 18,000 அடியில் அது தரையில் இருப்பதில் பாதி. அழுத்தம் இல்லாவிட்டால் ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போகாது.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர். 1875 ஏப்ரல் 15 அன்று ஜெனித் என்ற பலூனில் மூன்று பேர் ஏறினார்கள். கையில் இருந்த ஆக்சிஜன் போதாது என்று பெர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் அவர்கள் கைக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. பலூன் 8,000 மீட்டருக்கு மேல் போனது. உயிரோடு திரும்பியவர் தீசாந்தியே ஒருவர்தான். ஆக்சிஜன் குழாய் பக்கத்திலேயே இருந்தும், அதை எடுக்கக் கை எழவில்லை என்று அவர் பிறகு பதிவு செய்தார். அந்த நிலையிலும் தனக்குப் பயமோ வேதனையோ தெரியவில்லை என்றும் சொன்னார்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது மூச்சுத் திணறாது. ஒருவித உற்சாகம்கூட வரும். புத்தி மங்குகிறது என்பதை உணர வேண்டியதும் அதே புத்திதான். 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் ஒருவரால் உருப்படியாகச் செயல்பட முடிகிற நேரம் 3 முதல் 5 நிமிடம். 35,000 அடியில் அது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அவசர நேரத்தில் விமானி முதலில் தன் முகமூடியைப் போட்டுக்கொள்வதும், நம்மிடம் விமானப் பணியாளர்கள் "முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு" என்று சொல்வதும் இதனால்தான்.

இதை வகுப்பில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் விமான மருத்துவர்கள் அழுத்த அறையில் வைத்துக் காட்டுகிறார்கள். இறுக மூடிய அறைக்குள் விமானிகள் உட்காருவார்கள். உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, 25,000 அடி உயரத்தின் நிலையைக் கொண்டுவருவார்கள். முகமூடியைக் கழற்றச் சொல்லி, ஒரு தாளில் சின்னச் சின்னக் கழித்தல் கணக்கும் தன் பெயரும் எழுதச் சொல்வார்கள். முதல் வரிகள் அழகாக இருக்கும். பிறகு எழுத்து கோணும், விடை தவறும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். முகமூடியை மாட்டிச் சிறிது நேரம் கழித்துத் தாளைக் காட்டினால், அது தன் கையெழுத்து என்றே பலர் நம்பமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆரம்ப அறிகுறி ஒவ்வொரு மாதிரி. ஒருவருக்கு விரல் நுனி மரத்துப்போகும், ஒருவருக்குச் சிரிப்பு வரும், இன்னொருவருக்கு உடம்பு சூடாகும். தன் அறிகுறி எது என்று தெரிந்துவைத்திருப்பதே அந்தப் பயிற்சியின் பலன்.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானத்தில், உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் விசை தானியங்கி நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது. அதை வேறு எச்சரிக்கை என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். குழப்பத்தைத் தீர்க்கும் முன்பே நினைவிழந்தார்கள். விமானம் தானாகவே பறந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 121 பேர் இறந்தார்கள்.

பரிசோதிப்பவர் எப்படி விமானிகளோடு ஒருவரானார்?

முதல் உலகப் போரில் ராணுவங்கள் ஒரு கசப்பான உண்மையைக் கண்டன. எதிரி சுட்டு வீழ்த்தாமலேயே விமானிகள் விழுந்துகொண்டிருந்தார்கள். கண்பார்வைக் குறை, களைப்பு, உயரத்தில் மயக்கம், நரம்புத் தளர்ச்சி என்று காரணங்கள் பல. 1918-இல் அமெரிக்க ராணுவம் நியூயார்க் மாநிலத்தின் மினியோலா அருகே விமான மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் தியடோர் லைஸ்டர் என்ற மருத்துவ அதிகாரி. இந்த மருத்துவர்கள் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்காமல் விமானிகளோடு தளத்தில் தங்க வேண்டும், அவர்களோடு பறக்க வேண்டும் என்று ஏற்பாடானது. ஒரு விமானி இரவு சரியாகத் தூங்கவில்லை, இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் பேச்சே இல்லை என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தானே தெரியும்?

இந்தியாவில் இந்தத் துறையின் தாய்வீடு பெங்களூரு. அங்கே 1957-இல் விமான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியது, இன்று விமானப்படையின் விமான, விண்வெளி மருத்துவக் கழகமாக இருக்கிறது. விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவிலிருந்து ககன்யான் விண்வெளித் திட்ட வீரர்கள்வரை உடல் தேர்வுக்கு அங்கேதான் போனார்கள்.

46 ஜி: ஸ்டாப் என்ற மருத்துவர்

விமான மருத்துவரின் அர்ப்பணிப்பு எதுவரை போகும் என்று கேட்டால், துறையில் உள்ளவர்கள் சொல்லும் பெயர் ஜான் பால் ஸ்டாப். 1910-இல் பிரேசிலில், அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கல்லூரி நாட்களில், உறவினர் வீட்டுக் கைக்குழந்தை தீக்காயத்தில் இறந்ததைக் கண்ணெதிரே பார்த்ததுதான் அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம், அதன்மேல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1944-இல் ராணுவத்தில் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் பிரச்சினை நைட்ரஜன் குமிழிகள். அழுத்தம் திடீரென்று குறைந்தால், ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவந்து மூட்டுகளை முறுக்கும், மூளையையும் தாக்கலாம். ஸ்டாப் தானே 40,000 அடிக்கு மேல், அழுத்தம் ஏற்றாத விமானங்களில் பறந்து பறந்து ஒரு வழியைக் கண்டார்: புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் உடலிலிருந்து நைட்ரஜன் பெருமளவு வெளியேறிவிடும். விண்கலத்துக்கு வெளியே நடக்கப்போகும் வீரர்கள் இன்றும் இதே முறையைக் கடைப்பிடிக்கிறார்கள்.

அடுத்தது பெரிய கேள்வி. விபத்தில் மனித உடல் எவ்வளவு வேகக் குறைப்பைத் தாங்கும்? டவுன் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோமே, அதே விசைதான். அதை ஜி என்ற அளவில் சொல்வார்கள். 1 ஜி என்றால் நம் சொந்த எடை. 18 ஜிக்கு மேல் போனால் உயிர் பிழைக்க முடியாது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். விமான இருக்கைகளும் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டன. அதற்குமேல் இருக்கையைப் பலப்படுத்தி என்ன பயன், ஆள் எப்படியும் போய்விடுவாரே என்பது தர்க்கம்.

ஸ்டாப் அந்தத் தர்க்கத்தைச் சந்தேகித்தார். கலிபோர்னியாவின் மியூரோக் தளத்தில் தண்டவாளத்தின் மேல் ராக்கெட் பூட்டிய வண்டி ஒன்றை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தும் ஏற்பாடு நடந்தது. முதலில் பொம்மைகளை வைத்துச் சோதித்தார்கள். 1947 டிசம்பரில் வண்டியில் ஸ்டாப் தானே உட்கார்ந்தார். அடுத்த ஆண்டுகளில் வேகம் கூடியது, ஜி கூடியது. விலா எலும்பு உடைந்தது, மணிக்கட்டு முறிந்தது, பல்லில் அடைத்த சிமெண்ட் தெறித்து விழுந்தது. 18 ஜி என்ற பழைய எல்லையை அவர் எப்போதோ தாண்டிவிட்டிருந்தார்.

உச்சம் 1954 டிசம்பர் 10, நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில். இந்த முறை கண்பார்வை போனாலும் போகலாம் என்று ஸ்டாப்புக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே அறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உடை மாற்றிப் பழகிக்கொண்டார். ஒன்பது ராக்கெட்டுகள் எரிந்தன. ஐந்து விநாடியில் வண்டி மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பிறகு 1.4 விநாடியில் நின்றது. சராசரி பார்த்தால் 20 ஜி, உச்சத்தில் 46.2 ஜி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் கணத்தில் 3,200 கிலோவுக்கு மேல் கனப்பார். கண்களில் ரத்தக் குழாய்கள் வெடித்து, சிறிது நேரம் அவருக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு பார்வை திரும்பியது. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். போர் விமானிகள் கூர்மையாகத் திரும்பும்போது 5 ஜியிலேயே கண் இருண்டு மயங்கிவிடுகிறார்கள் என்கிறார்களே, 46 ஜி எப்படிச் சாத்தியம்? விசை வரும் திசையும் நேரமும்தான் வித்தியாசம். போர் விமானிக்கு விசை தலையிலிருந்து காலுக்கு, பல விநாடிகளுக்கு இருக்கும். ரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கி மூளை வறண்டுவிடும். ஸ்டாப்புக்கு அது மார்புக்கும் முதுகுக்கும் இடையே, ஒரு விநாடிச் சொச்சம்தான். ரத்தம் அப்படிக் காலுக்கு இறங்காமல் தடுக்கத்தான் போர் விமானிகளின் உடையில் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் காற்றுப் பைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்து, காலையும் வயிற்றையும் இறுக்கி மூச்சை அடக்கி விடும் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு.

ஸ்டாப் நிரூபித்தது எளிமையானது: விபத்தில் முதலில் தோற்பது உடல் அல்ல, இருக்கையும் வாரும்தான். போர் விமான இருக்கைகளின் பலம் 32 ஜி அளவுக்கு உயர்த்தப்பட்டது. பின்னோக்கி அமர்ந்தால் உடல் இன்னும் அதிகம் தாங்கும் என்பதும் அவர் காட்டியதுதான்.

அவர் கவனித்த இன்னொன்று, விமானப்படை ஆட்கள் விமான விபத்தைவிடக் கார் விபத்தில் அதிகம் சாகிறார்கள் என்பது. விமானியின் உடல்நலம் விமானத்தளத்தின் வாசலோடு முடிந்துவிடாது என்று முடிவு செய்து, 1955-இல் கார் விபத்து ஆய்வு மாநாட்டைத் தொடங்கினார். அது அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. கார் பாதுகாப்புக்கான அமெரிக்கச் சட்டத்தில் 1966-இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டபோது ஸ்டாப் அருகில் இருந்தார். நாம் காரில் ஏறி இழுத்து மாட்டும் பெல்ட்டுக்குப் பின்னால் இந்த விமான மருத்துவரின் உடைந்த விலா எலும்புகளும் இருக்கின்றன. 1999-இல், 89 வயதில், படுக்கையில் அமைதியாகவே இறந்தார்.

சோதனை இல்லாத நேரங்களில் மியூரோக் தளத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு வீடு தேடிப் போய் இலவசமாக வைத்தியம் பார்த்தவர் ஸ்டாப். அவர் தந்த வாரை மாட்டிக்கொள்ள விமானிகள் தயங்காததில் வியப்பில்லை.

மெடிக்கல் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

இன்று பெரும்பாலான விமான மருத்துவர்களின் அன்றாட வேலை ராக்கெட் வண்டி அல்ல. மெடிக்கல் என்று விமானிகள் சுருக்கமாகச் சொல்லும் தகுதிப் பரிசோதனை. பயணிகள் விமானம் ஓட்டுகிறவருக்குக் கிளாஸ் 1 சான்றிதழ் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, 60 வயதைத் தாண்டினால் 6 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண், காது, ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், மனநிலை எல்லாம் உண்டு.

ஒவ்வொரு சோதனைக்கும் காக்பிட்டில் ஒரு காரணம் இருக்கிறது. நிறப் பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் இறங்கும் சரிவு சரி. நான்கும் சிவப்பாகத் தெரிந்தால் விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் தடுமாறுகிற கண் அங்கே உதவாது. சிறுநீரகக் கல்லும் அப்படித்தான். வலி இல்லாமல் சும்மா கிடக்கும் சின்னக் கல்லைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. ஆனால் அது எந்த நிமிடம் நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகர்ந்தால் ஆள் சுருண்டுவிடுவார். அதனால் கல் போகும்வரை விமானி டெம்பரரி அன்ஃபிட்.

வேடிக்கை என்னவென்றால், பறக்கும்போது விமானிகளை முடக்கும் காரணங்களில் அடிக்கடி வருவது மாரடைப்பு அல்ல, வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான். இரண்டு விமானிகளும் ஒரே உணவைச் சாப்பிடக் கூடாது என்று பல விமான நிறுவனங்கள் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, ஆபத்தே இல்லாத உடல் என்று ஒன்று உண்டா? கிடையாது. அப்படியானால் எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம்? இதற்கு ஐரோப்பிய இதய மருத்துவர்கள் 1980களில் ஒரு கணக்குப் போட்டார்கள். 'ஒரு சதவீத விதி' என்று பெயர். ஒரு விமானி அடுத்த ஓராண்டில் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 8,760 மணி, தோராயமாக 10,000. ஆக, ஒரு மணி நேரத்தில் அது நடக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. நடுவானில் நடந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் சிக்கல். அது பறக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஒரு கோடியில் ஒன்று. அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை இரண்டாவது விமானி சமாளித்துவிடுவார். மிஞ்சுவது நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு விபத்து. இந்த அளவு ஆபத்தை ஏற்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

இந்தக் கணக்கு மருத்துவரின் வேலையையே மாற்றிவிட்டது. "இதய நோயா? வீட்டுக்குப் போ" என்ற பழைய தீர்ப்புக்குப் பதிலாக, "அடைப்பைச் சரிசெய்த பிறகு ஆபத்து 1 சதவீதத்துக்குக் கீழே வந்ததா?" என்று கேட்க முடிந்தது. எத்தனையோ விமானிகள் மறுபடி இருக்கைக்குத் திரும்பியது இதனால்தான்.

நல்ல உதாரணம் இன்சுலின். இன்சுலின் போடும் விமானிக்கு வணிக விமானம் ஓட்ட எங்கும் அனுமதி இல்லாத காலம் இருந்தது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கிவிடுவார் என்ற பயம். 2012-இல் பிரிட்டன் ஒரு நடைமுறையோடு அனுமதித்தது. பறக்கும் முன் இரண்டு முறை, பறக்கும்போது மணிக்கு ஒருமுறை, இறங்குவதற்கு முந்தைய அரை மணிக்குள் ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். 90 முதல் 270 வரை பச்சை. அதற்குச் சற்று வெளியே போனால் மஞ்சள்; உடனே ஏதாவது சாப்பிட வேண்டும் அல்லது இன்சுலின் அளவைக் கவனிக்க வேண்டும். 72-க்குக் கீழே அல்லது 360-க்கு மேலே சிவப்பு. விமானத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்பு அளவைத் தளர்த்தாமலேயே, நோயுள்ள ஒருவர் பாதுகாப்பாகப் பறக்க ஒரு வழியை மருத்துவர்கள் உருவாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஈசிஜியில் தெரியாதவை

எல்லாச் சோதனையிலும் தேறிய விமானிக்கும் உடல் துரோகம் செய்யும் இடங்கள் உண்டு. ஒன்று, உட்காதின் சமநிலை உணர்வு. கண்ணுக்குத் தொடுவானம் தெரியாதபோது, விமானம் சாய்கிறதா நேராக இருக்கிறதா என்று உட்காதால் சொல்ல முடியாது, தவறாகவும் சொல்லும். 1978 ஜனவரி 1 இரவு, மும்பையிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855 கடல்மேல் திரும்பியபோது, கேப்டன் பக்கம் இருந்த சாய்வுக் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. வெளியே கடலும் வானமும் ஒரே இருட்டு. சரிசெய்வதாக நினைத்து இடப்பக்கம் சாய்த்தார். விமானம் பாந்த்ரா அருகே கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். உடல் சொல்வதை நம்பாதே, எல்லாக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார் என்று விமான மருத்துவர்கள் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பது இதற்குத்தான்.

இன்னொன்று தூக்கம். 2010 மே 22 அதிகாலையில் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் பயணத்தில் சுமார் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருந்ததாக விசாரணை அறிக்கை கூறியது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்ததும் புத்தி உடனே கூர்மையாகாது. அந்த மந்தம் சிறிது நேரம் நீடிக்கும். அதிலும் விடியற்காலை உடல் ஓய்வு கேட்கும் நேரம். பணி நேர விதிகளை எழுதும் மேசையில் விமான மருத்துவரும் உட்கார வேண்டும் என்பது இதனால்தான். களைப்புக்கு மாத்திரை கிடையாது. கால அட்டவணைதான் மருந்து.

பயம்

இனி முதலில் சொன்ன இடைஞ்சலுக்கு வருவோம். நமக்கு உடம்பு சரியில்லை என்றால், மருத்துவரிடம் உள்ளதை எல்லாம் சொல்வது நமக்கு லாபம். விமானிக்கு அது நஷ்டமாகலாம். நெஞ்சில் ஒரு படபடப்பு, பல நாளாகத் தூக்கமில்லை, வீட்டில் ஒரு சாவுக்குப் பிறகு எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வாய் திறந்தால், சம்பளம் நிற்கலாம், பயிற்சிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கலாம். அதனால் பலர் வாயைத் திறப்பதில்லை. வேறு ஊரில், வேறு மருத்துவரிடம், ரகசியமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் பார்ப்பதே இல்லை.

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவர் பணிக்குத் தகுதியற்றவர் என்று வெளி மருத்துவர்கள் கொடுத்த சான்று அவரிடமே இருந்தது. நிறுவனத்திடம் அவர் அதைக் காட்டவில்லை. மன நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நோயை ஒளிக்கத் தூண்டும் அமைப்பு எங்கே கொண்டுவிடும் என்பதை அந்தச் சம்பவத்தின் பிரெஞ்சு விசாரணை வெளிச்சம் போட்டுக் காட்டியது. லைசென்ஸ் போனால் வருமானம் போகும் என்ற பயத்தையும் அது சுட்டிக்காட்டியது.

சோதனைகளை இன்னும் கடுமையாக்கினால் போதும் என்று முதலில் தோன்றும். விமான மருத்துவர்களின் அனுபவம் வேறு. கேள்வித்தாளில் "மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். சொல்வதற்குத் தண்டனை இல்லை என்றால்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் 1970களில் குடிப் பழக்கத்துக்கு அடிமையான விமானிகளுக்குச் சிகிச்சை கொடுத்து, கண்காணித்து, திரும்பப் பறக்கவிடும் திட்டம் வந்தது. மருத்துவரும் நிறுவனமும் சங்கமும் சேர்ந்து நடத்துவதால் விமானிகள் தாங்களே முன்வரத் தொடங்கினார்கள். 2010-இல் அமெரிக்கா சில மனச்சோர்வு மருந்துகளைக் கண்காணிப்போடு அனுமதித்தது. 2021 முதல் ஐரோப்பாவில் எல்லா விமான நிறுவனங்களும், விமானிகள் சக விமானிகளிடமே ரகசியமாகப் பேசக்கூடிய ஆதரவுக் குழு வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏயும் 2023-இல் மனநல வழிகாட்டுதல்களில் இத்தகைய குழுக்களை வலியுறுத்தியது.

நல்ல விமான மருத்துவர் எத்தனை பேரை நிறுத்தினார் என்று எண்ணிப் பார்த்து அவரை எடைபோட முடியாது. எத்தனை பேர் தாங்களாக வந்து கதவைத் தட்டினார்கள் என்பதுதான் கேள்வி. 1918-இல் அவரைத் தளத்திலேயே தங்கச் சொன்னதற்கும், ஸ்டாப் பொம்மைக்குப் பதில் தானே போய் உட்கார்ந்ததற்கும் பலன் ஒன்றுதான்: இவர் நம் ஆள் என்று விமானி நம்பினார்.

பைலட் ஆக நினைப்பவர்களுக்கு

பயிற்சிக்குப் பல லட்சம் கட்டுவதற்கு முன்பே மெடிக்கலை முடித்துவிடுங்கள். முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2. வணிக லைசென்சுக்குக் கிளாஸ் 1. பாதிப் பணம் கட்டிய பிறகு நிறக் குருடு என்று தெரிந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு.

கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்பது பழங்கதை. கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். பறக்கும்போது உபரியாக இன்னொரு கண்ணாடி கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வலிப்பு நோய் போன்ற சிலவற்றுக்கு வழி இல்லை. ரத்த அழுத்தம், தைராய்டு, சரிசெய்யப்பட்ட அறுவை சிகிச்சைகள் போன்ற பலவற்றுக்கு வழி உண்டு.

சின்ன வயதில் வந்த வலிப்பையோ, சாப்பிடும் மாத்திரையையோ படிவத்தில் மறைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மறைத்தது பின்னால் தெரிந்தால், நோய்க்கு இருந்த வழியும் அடைபட்டு, பொய் சொன்னதற்காகவே லைசென்ஸ் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், தன் மருத்துவரிடம் உண்மை பேசாத பழக்கம் முதல் நாளே ஆரம்பித்துவிடுவது. முதல் படிவத்திலேயே உள்ளதை எழுதிவிட்டவருக்கு, இருபது ஆண்டு கழித்து நெஞ்சு படபடக்கும்போது எங்கே போய்ச் சொல்வது என்ற தடுமாற்றம் இருக்காது.